காவிரிப் படுகையில் ரோமானிய வெள்ளி: பணமா, உலோகமா, உருவமா?

ரோமப் பேரரசர் அகஸ்டஸும் அவருக்குப் பின் ஆண்ட டைபீரியஸும் வெளியிட்ட வெள்ளிக் காசுகள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டு மண்ணிலிருந்து வெளிவந்துகொண்டிருக்கின்றன. டெனாரியஸ் எனப்படும் இந்தக் காசுகள் இங்கே எந்த வேலையைச் செய்தன என்ற கேள்விக்கும் ஏறக்குறைய அதே வயது. பணமாகக் கைமாறின என்று சிலர் சொன்னார்கள். எடைபோட்டு வாங்கிய வெறும் வெள்ளி என்று வேறு சிலர் சொன்னார்கள். அவற்றின் மீதிருந்த தலையும் உருவங்களும்தான் மதிப்பைத் தந்தன என்பது இன்னொரு சாராரின் விடை.

காசுகளின் எண்ணிக்கையை வணிகத்தின் அளவாகக் கொண்ட விடையையும் சேர்த்தால் விடைகள் நான்கு; நான்கும் பெரும்பாலும் கொங்கு நாட்டுப் புதையல்களை முன்வைத்தே எழுந்தவை. அந்தப் புதையல்களில் பலவும் நொய்யல், அமராவதி ஆகிய ஆறுகளின் கரைப்பகுதிகளைச் சேர்ந்தவை. இரண்டும் காவிரியில் கலக்கும் ஆறுகள். ஆனால் அதே காவிரி கடலைச் சேரும் தஞ்சை வட்டாரத்தில், பூம்புகார் என்ற பெருந்துறைமுகம் இருந்த நாட்டில், அவற்றோடு ஒப்பிடத்தக்க ரோமானிய வெள்ளிப் புதையல் எதுவும் ஆய்வாளர்கள் தொகுத்த பட்டியல்களில் இடம்பெறவில்லை. இந்த வெற்றிடத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் பழைய விடைகள் எந்த அளவுக்கு நிற்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு அச்சுகள்

தமிழ்நாட்டு வெள்ளிப் புதையல்களின் முதல் தனித்தன்மை, அவற்றில் வகைகள் மிகக் குறைவு என்பது. அகஸ்டஸ், டைபீரியஸ் இருவரின் காசுகளிலும் தலா ஒரே ஒரு வகையே மிகப் பெரும்பான்மையாகக் கிடைக்கிறது.

அகஸ்டஸின் காசில் ஒருபுறம் வாகை இலைமுடி சூடிய அவருடைய தலை. மறுபுறம் கையஸ், லூசியஸ் என்னும் இரு இளைஞர்கள் நிற்கிறார்கள். இவர்கள் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரர்கள். அவரால் மகன்களாகத் தத்தெடுக்கப்பட்டு வாரிசுகளாக அறிவிக்கப்பட்டவர்கள். இருவருக்கும் நடுவே இரண்டு கேடயங்களும் ஈட்டிகளும் உள்ளன. மேலே பூசாரிப் பதவிகளைக் குறிக்கும் அகப்பையும் வளைகோலும் பொறிக்கப்பட்டுள்ளன. கி.மு. 2 முதல் லுக்டுனம் நகரில், அதாவது இன்றைய பிரான்சின் லியோனில், இவை பெருவாரியாக அச்சிடப்பட்டன. லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்துவிட்டார்கள். அரசியல் செய்தியாக அந்தப் படம் விரைவில் காலாவதியாகிவிட்டது. வெள்ளிக் காசாக அதன் வாழ்வு நீண்டது.

டைபீரியஸின் காசில் ஒருபுறம் அவருடைய தலை; மறுபுறம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண். அமைதித் தெய்வத்தின் சாயலில் காட்டப்பட்ட அரசரின் தாய் லிவியா என்று பலர் கருதுகிறார்கள். அது முடிந்த முடிவன்று. கி.பி. 14 முதல் 37 வரையிலான அவருடைய ஆட்சிக்காலத்தில் இந்த அச்சு ஏறக்குறைய மாறாமலே தொடர்ந்தது. விவிலியத்தில் இயேசுவிடம் காட்டப்படும் வரிக்காசு இதுவே என்பது மரபான கருத்து.

நின்ற இளைஞர்களை நம் வீரர்களாகவும் அமர்ந்த பெண்ணைத் திருமகளாகவும் பண்டைத் தமிழர் கண்டிருக்கலாம் என்று ஊகிப்பது எளிது. அதற்கு எழுத்துச் சான்றோ தொல்லியல் சான்றோ இல்லை. உருவங்களைப் பற்றிய வாதத்தை ஊகத்தில் தொடங்காமல், இந்த இரு அச்சுகள் மட்டும் ஏன் வந்து குவிந்தன என்பதில் தொடங்குவதே பாதுகாப்பானது.

எங்கே கிடைத்தன

1842இல் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 522 வெள்ளிக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அதே ஊரில் பின்னரும் புதையல்கள் வெளிப்பட்டன. 1878இல் கரூரில் ஏறக்குறைய 500 காசுகள் கிடைத்தன. பழைய கோயம்புத்தூர் மாவட்டத்துப் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. கொடுமணலுக்கு அருகிலுள்ள கத்தாங்கண்ணியில் 1913இல் 233. தமிழகத்துக்கு வெளியே, தெலங்கானாவின் அக்கன்பள்ளியில் கிடைத்த 1531 காசுகள் இவற்றோடு ஒப்பிடத்தக்கவை.

பொற்காசுகளின் பரவல் வேறு. 1898இல் அன்றைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான அரசர்கள் அவற்றில் இருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் அரசரின் தலைமீது உளியாலோ கத்தியாலோ வெட்டிய தழும்பு உண்டு. கருக்காக்குறிச்சி காவிரிப் பாசனத்தின் தென் விளிம்பை ஒட்டிய மேட்டு நிலம். தஞ்சை வட்டாரத்துக்கு மிக நெருங்கிக் கிடைத்த பெரிய ரோமானியப் புதையல் இதுதான். அதில் இருந்தது வெள்ளியன்று, பொன்.

முதல் விடை: வணிகத்தின் அளவுகோல்

ராபர்ட் செவெல் 1904இல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அகஸ்டஸ் முதல் நீரோ வரை காசுகள் மிகுதி, அதன்பின் குறைவு, ஆகவே வணிகமும் நீரோ காலம் வரை உச்சத்தில் இருந்து பின்னர் சரிந்தது என்பது அவருடைய முடிவின் சாரம். ரோமானிய எழுத்தாளர்களின் முறையீடுகள் இதற்கு வலுச் சேர்த்தன. இந்தியா ஆண்டுதோறும் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சுகிறது என்று மூத்த பிளினி எழுதினார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு டெனாரியஸ் என்ற கணக்கில் அது 1.25 கோடி வெள்ளிக் காசுகளுக்குச் சமம். பெண்களின் ஆடம்பரத்துக்காக நம் செல்வம் அந்நியரிடம் போகிறது என்று டைபீரியஸ் செனட்டுக்கு எழுதிய மடலை டாசிட்டஸ் பதிவுசெய்திருக்கிறார்.

கிடைத்த காசின் எண்ணிக்கையை நடந்த வணிகத்தின் அளவாகக் கொண்டது இந்த விடையின் பலவீனம். கி.பி. 64இல் நீரோ டெனாரியஸின் எடையைக் குறைத்தார். ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 காசுகள் என்றிருந்தது 96 ஆயிற்று. ஏறக்குறைய 3.9 கிராம் இருந்த காசு 3.4 கிராமுக்கு இறங்கியது. வெள்ளியின் மாற்றும் தாழ்ந்தது. அதன்பின் வந்த காசுகள் இங்கே அரிதாவதற்கு, கப்பல் வரவு குறைந்தது காரணமாக இருக்க வேண்டியதில்லை. மட்டமான காசை இங்குள்ளவர்கள் மறுத்தது காரணமாக இருக்கலாம்.

முசிறி பாப்பிரஸ் இந்த ஐயத்தை வலுப்படுத்தியது. வியன்னாவில் உள்ள இந்த ஆவணம் 1985இல் வெளியிடப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இது, ஹெர்மாபொல்லோன் என்ற ஒரே கப்பலின் சரக்கை ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் என மதிப்பிடுகிறது. செவெலின் கணக்குப்படி வணிகம் சரிந்துவிட்ட காலத்தில் ஒரு கப்பல் இவ்வளவு சுமந்திருக்கிறது.

இங்கிருந்து இன்னொரு கருத்து கிளைத்தது. காசு அச்சான காலமும் அது கப்பலேறிய காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பழைய நல்ல வெள்ளிக் காசுகளைப் பொறுக்கியெடுத்து, நீரோவுக்குப் பின்னும் வணிகர்கள் அனுப்பியிருக்கலாம் என்ற திசையில் டேவிட் மக்டவலின் ஆய்வுகள் சென்றன. பழைய காசுகளை டிராஜன் கி.பி. 107ஐ ஒட்டி உருக்கச் செய்தார் என்ற செய்தி, அந்த ஏற்றுமதிக்கு ஒரு பின்னெல்லையாகக் கருதப்படுகிறது. 1989இல் வெளிவந்த பவுலா டர்னரின் தொகுப்பு இந்த விவாதத்துக்கு உறுதியான தரவுத் தளமாக அமைந்தது. ஆனால் பொறுக்கியெடுத்தல் எங்கே, யாரால் நடந்தது என்ற கேள்விக்கு இந்த வாதம் தானாக விடை தருவதில்லை.

இரண்டாம் விடை: எடைபோட்ட உலோகம்

1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலரின் எழுத்துகளால் பரவிய கருத்து, ரோமானியக் காசு இங்கே உலோகமாக மதிக்கப்பட்டது என்பது. தென்னிந்தியாவில் வெள்ளிச் சுரங்கம் என்று சொல்லத்தக்கது இல்லை. வெள்ளி வெளியிலிருந்து வர வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூல், முசிறி வட்டாரத் துறைகளுக்குக் கொண்டுபோகும் பொருள்களில் பெருமளவு பணத்தை முதலிடத்தில் வைக்கிறது. புதுக்கோட்டைப் பொற்காசுகளின் வெட்டுத் தழும்புகளுக்கும் இந்த நோக்கில் விளக்கம் தரப்பட்டது: தேய்ந்து எடை குறைந்தவற்றைப் புழக்கத்திலிருந்து விலக்கப் போட்ட அடையாளம் அது.

இந்த விடையின் வலிமை எளிமை. அதன் இடர்ப்பாடும் அங்கேயே இருக்கிறது. வெள்ளி மட்டுமே வேண்டுமென்றால் எந்தப் படம் இருந்தால் என்ன? கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயில், நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய குடியரசுக் கால டெனாரியஸ்கள் இன்னும் புழங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நல்ல வெள்ளி. ஆனாலும் தமிழ்நாட்டுப் புதையல்களில் அவை மிக அரிது. மாற்று குறைந்தவை என்று பெயர்பெற்ற மார்க் ஆண்டனியின் படைப்பிரிவுக் காசுகள் இங்கே வராததற்கு உலோக வாதம் விளக்கம் தரும். நல்ல வெள்ளியாலான பழைய காசுகள் வராததற்கு அதனிடம் விளக்கம் இல்லை.

இதற்கு இரண்டு மறுமொழிகள் சொல்லப்படலாம். ஒன்று, அந்த இரு அச்சுகளும் மிகப் பெருமளவில் வெளியானதால், கருவூலத்திலிருந்தோ பெருவணிகரிடமிருந்தோ மொத்தமாக வாங்கிய மூட்டைகளில் இயல்பாகவே அவை நிறைந்திருந்தன என்பது. எகிப்துக்குத் தனி நாணய முறை இருந்தது, அங்கே டெனாரியஸ் அன்றாடம் புழங்கவில்லை என்ற உண்மை இதற்குத் துணைசெய்கிறது. பல கைகள் மாறிக் கலக்க வாய்ப்பில்லாமல், காசு மூட்டையாகவே அலெக்சாந்திரியாவைக் கடந்திருக்கலாம். இரண்டாவது மறுமொழி, வாங்குவோர் இந்த இரு படங்களையும் அடையாளம் வைத்துக் கேட்டார்கள் என்பது. ஜெர்மானியப் பழங்குடிகள் ரம்ப விளிம்பும் இரட்டைக் குதிரைத் தேரும் உள்ள பழைய காசுகளையே விரும்பினார்கள் என்று டாசிட்டஸ் எழுதியிருப்பது, அப்படி ஒரு பழக்கம் பேரரசின் எல்லைக்கு வெளியே இருந்ததைக் காட்டுகிறது. முதல் மறுமொழி தேர்வை ரோமானிய வணிகரிடம் வைக்கிறது. இரண்டாவது, தமிழ் வணிகரிடம். கையில் உள்ள சான்று இரண்டுக்கும் இடம் தருகிறது.

மூன்றாம் விடை: கைமாறிய பணம்

ரோமானிய வெள்ளி இங்கே உள்ளூர்ப் பணமாகவே புழங்கியது என்போர் மூன்று சான்றுகளைக் காட்டுகிறார்கள். கேரளத்தின் இய்யால் புதையலில் ரோமானியக் காசுகளும் இந்திய முத்திரைக் காசுகளும் ஒன்றாகக் கிடைத்தன. சில புதையல்களின் டெனாரியஸ்களில், முத்திரைக் காசுகளில் காண்பவை போன்ற நுண்ணிய குறிகள் பின்னர் அடிக்கப்பட்டிருக்கின்றன. ரோமானிய அச்சைப் பார்த்து இந்தியாவிலேயே செய்த போலிக் காசுகளும் உள்ளன. அவற்றின் எழுத்துகள் பொருளற்ற கோடுகளாகச் சிதைந்திருக்கும். தலையும் அமர்ந்த உருவமும் மட்டும் அடையாளம் தெரியும்.

இவற்றுள் போலிகளின் சாட்சியம் கனமானது. உலோகம் மட்டும் போதுமென்றால் அச்சைப் பின்பற்றிப் புதிதாகச் செய்ய வேண்டிய தேவை இல்லை. எழுத்தை யாரும் படிக்காத ஊரில் அந்தப் படத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது என்று அது காட்டுகிறது.

எனினும் சந்தை தோறும் டெனாரியஸ் கைமாறியது என்று இதிலிருந்து முடிவுசெய்ய இயலாது. புதையல் காசுகள் பலவற்றில் தேய்மானம் மிகக் குறைவு. கொங்கின் வாழிடங்களில் அடுக்கு முறையில் நடந்த அகழாய்வுகளில் ரோமானிய வெள்ளி அரிது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் அகழாய்வைத் தொடங்கிய கொடுமணலில் மணிக்கல் பட்டறைகளும் இரும்பு உருக்கிய தடயங்களும் விரிவாக வெளிப்பட்டன. கத்தாங்கண்ணியில் பானையில் கிடைத்தது போன்ற வெள்ளிக் குவியல் அந்த ஊரின் மண்ணடுக்குகளில் வெளிப்படவில்லை. தெருவிலும் கடையிலும் புழங்கிய காசு அங்கேயே தவறி விழுந்து கிடக்கும். டெனாரியஸ் பெரும்பாலும் பானையில் சேமித்த நிலையில்தான் கிடைக்கிறது. பெருந்தொகை கைமாறவும் சேமிக்கவும் உதவிய காசு என்று சொல்ல இந்தச் சான்று போதும். அன்றாடச் சில்லறை என்று சொல்லப் போதாது.

நான்காம் விடை: உருவத்தின் மதிப்பு

உருவமே மதிப்பைத் தந்தது என்ற நிலைப்பாட்டில் மூன்று வெவ்வேறு கருத்துகள் கலந்துகிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அணிகலன். துளையிட்டோ வளையம் பற்றவைத்தோ கழுத்தில் அணிந்த ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. குறுந்தொகையின் 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், கிளி அலகில் பிடித்த வேப்பம் பழத்தைப் புதுச்சரட்டில் கோக்கும் பொற்காசுக்கு ஒப்பிடுகிறார். காசைக் கோத்து அணியும் வழக்கம் புலவருக்கும் கேட்போருக்கும் பழகியிருந்தது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அந்தப் பாடலில் வருவது பொன். துளையிட்டவற்றிலும் பொன்னே மிகுதி. வெள்ளிப் புதையல்களின் பெரும்பகுதிக்கு அணிகலன் விளக்கம் பொருந்தாது.

இரண்டாவது, உத்தரவாதம். பிளினி தரும் ஒரு கதை இங்கே கருதத்தக்கது. கிளாடியஸ் காலத்தில் அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையை அடைந்தாராம். அவரிடமிருந்த டெனாரியஸ்களில் வெவ்வேறு தலைகள் இருந்தும் எல்லாம் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு இலங்கை மன்னர் ரோமரின் நேர்மையை வியந்தார் என்கிறார் பிளினி. ரோமானியப் பெருமையைப் பாட எழுதிய கதை என்பதால் இதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆயினும் படத்தையும் எடையையும் சேர்த்துப் பார்த்து ஒரு காசை மதிப்பிடுவார்கள் என்ற எண்ணம் அந்தக் காலத்தவருக்கு இயல்பாக இருந்தது என்பது இதில் தெரிகிறது.

மூன்றாவது, அரச அதிகாரம். கரூர் அமராவதி ஆற்றுமணலில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில் தலையுருவமும் தமிழ்-பிராமியில் பெயரும் உள்ளன. மாக்கோதை, குட்டுவன்கோதை ஆகிய பெயர்கள் அவற்றில் வாசிக்கப்பட்டன. இரா. கிருஷ்ணமூர்த்தி, இரா. நாகசாமி, ஐராவதம் மகாதேவன் ஆகியோரின் உழைப்பால் இவை நாணயவியலில் இடம்பெற்றன. தலையுருவத்தை வைக்கும் முறை ரோமானியக் காசிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. டெனாரியஸ்களை உருக்கியே இவற்றை அச்சிட்டிருக்கலாம் என்ற ஊகமும் உண்டு.

கருத்து கவர்ச்சியானது, இடர்ப்பாடுகளும் உண்டு. மேற்கு சத்திரபரும் சாதவாகனரும் தலையுருவம் பொறித்த வெள்ளிக் காசுகளை வெளியிட்டார்கள். முன்மாதிரி தக்காணத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஆற்றுமணலைச் சலித்து எடுத்த காசுகளுக்கு மண்ணடுக்கு இல்லை. எனவே காலக் கணிப்பு எழுத்தமைதியையும் பாணியையுமே நம்பியிருக்கிறது. அந்தக் கணிப்புகளும் ஆய்வாளருக்கு ஆய்வாளர் வேறுபடுகின்றன.

அரசரின் தலைமீது விழுந்த வெட்டுகளையும் இங்கேயே கருதலாம். அந்நிய மன்னனின் உருவத்தை ஏற்க மறுத்த செயல் அது என்ற விளக்கம் அவ்வப்போது முன்வைக்கப்படுகிறது. அப்படியானால் அதே அரசர்களின் தலைகள் உள்ள வெள்ளிக் காசுகளும் வெட்டுப்பட்டிருக்க வேண்டும். வெள்ளியில் அத்தகைய வெட்டு அரிது. ஆகவே வெட்டுக்கான காரணத்தை உருவ வெறுப்பில் தேடுவதைவிட, பொன்னின் மாற்றைச் சோதிப்பதிலோ அதன் புழக்கத்தை ஒழுங்குபடுத்துவதிலோ தேடுவது பொருத்தம் எனத் தோன்றுகிறது.

சோழநாட்டின் வெற்றிடம்

இப்போது கீழ்க்காவிரிக்கு வருவோம். பெரிப்ளூஸ் குறிப்பிடும் கமரா என்ற துறையும் தாலமி குறிப்பிடும் கபேரிஸும் காவிரிப்பூம்பட்டினம் என்றே பொதுவாக அடையாளம் காணப்படுகின்றன. இந்தியத் தொல்லியல் துறை 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அங்கு நடத்திய அகழாய்வில் கீழையூரில் செங்கல் படகுத்துறையும், வானகிரியில் நீர்த்தேக்கமும், பல்லவனீச்சரத்தில் பௌத்த விகாரையும் வெளிப்பட்டன. முற்காலச் சோழரின் சதுரச் செப்புக் காசும் கிடைத்தது. ஆற்றோட்டத்தில் மேலே உள்ள உறையூரின் அகழாய்வில் ரோமானிய உலகின் அரிட்டைன் மட்கலத் துண்டுகள் கிடைத்தன. தொடர்பு இருந்தது உறுதி. வெள்ளிக் குவியல் மட்டும் காணோம். இதற்கு நான்கு விளக்கங்கள் சாத்தியம்.

முதல் விளக்கம் மண். காவிரியும் கொள்ளிடமும் வெண்ணாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் பழைய தரைமட்டத்தைப் பல அடி ஆழத்துக்கு மூடியிருக்கிறது. நன்செய்யில் ஏர் ஆழமாக இறங்குவதில்லை. கொங்கின் புன்செய்யில் கிணறு வெட்டும்போதும் சாலை போடும்போதும் பானைகள் வெளிப்பட்ட அளவுக்கு இங்கே வாய்ப்பு இல்லை. பூம்புகாரின் ஒரு பகுதியைக் கடலும் கொண்டுவிட்டது. கருக்காக்குறிச்சிப் புதையல் வண்டலுக்கு வெளியே மேட்டு நிலத்தில் கிடைத்தது இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது. ஆயினும் இல்லாமைக்குக் காரணம் காட்டும் விளக்கம், இருந்தது என்பதற்குச் சான்றாகிவிடாது.

இரண்டாவது விளக்கம் வணிகத்தின் திசை. பணம் கொடுத்து வாங்க வேண்டிய மிளகு சேரநாட்டிலும், பெரில் என்னும் பச்சை மணிக்கல் கொங்கின் படியூரிலும் இருந்தன. வெள்ளி அவற்றை நோக்கியே போயிருக்கும். உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை பூம்புகார்ப் பண்டங்களைப் பட்டியலிடும்போது, குதிரை கடல்வழி வந்ததையும் மிளகு மூட்டை தரைவழி வந்ததையும் சொல்லி, கங்கை, ஈழம், காழகம் ஆகிய இடங்களின் பொருள்களையும் சேர்க்கிறது. கீழைக்கடல் வணிகத்துக்கு ரோமானிய வெள்ளி இன்றியமையாததன்று. இது வலுவான வாதம். ஆனால் மேற்கிலிருந்து மிளகோடு வந்த வணிகர் கையில் வெள்ளியும் வந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி நிற்கிறது.

மூன்றாவது விளக்கம் நெல். உப்பு விற்கப்போன படகுகள் நெல்லோடு திரும்புவதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. உப்புக்கு நெல்லை மாற்றும் வழக்கத்தை அகநானூறும் பேசுகிறது. ஆயிரமாண்டு கழித்தும் சோழர் கல்வெட்டுகளில் வரியும் கூலியும் நிவந்தமும் கலக்கணக்கில் நெல்லாக எழுதப்பட்டன. விளைச்சலே மதிப்பின் அளவாக இருந்த நாட்டில் வெள்ளியைச் சேர்த்துவைக்கும் தேவை குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் பிற்காலக் கல்வெட்டை முற்காலத்துக்குப் பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும். சோழரே செப்புக்காசு அச்சிட்டிருப்பதால், காசு அறியாத நாடு என்றும் சொல்ல முடியாது.

நான்காவது விளக்கம் உருக்குதல். அரசும் கோயில்களும் பட்டறைகளும் இடைவிடாது இயங்கிய ஒரு நாட்டில், மண்ணுக்கு மேலே இருந்த வெள்ளி எல்லாம் மீண்டும் மீண்டும் உருகியிருக்கும். மீட்கப்படாத புதையலே நமக்குக் கிடைக்கிறது. மீட்கப்படாததற்குப் போரும் இடப்பெயர்வும் பெரிய காரணங்கள். சேர சோழ பாண்டியர் மூவரும் மோதிய கொங்கில் புதையல் மிகுதி என்பது, செல்வத்தைவிட அச்சத்தின் அளவைக் காட்டுவதாகவும் இருக்கலாம். இது நாணயவியலின் பொது எச்சரிக்கை. தமிழ்நாட்டுக்கென்று தனியே நிறுவப்பட்டதன்று.

இவற்றோடு இன்னொரு வேறுபாட்டையும் குறிக்க வேண்டும். தலையுருவக் காசு சேரரிடம் இருக்கிறது. சோழர் காசில் புலியும் யானையும். பாண்டியர் காசில் மீனும் யானையும். டெனாரியஸ் குவிந்த மேல்காவிரி வட்டாரத்தில் அரசனின் முகம் காசில் ஏறியது. அது குவியாத கீழ்க்காவிரியில் குலச்சின்னமே நின்றது. இந்தப் பொருத்தம் தற்செயலாக இருக்கலாம். இல்லையென்றால், உருவத்தின் தாக்கம் வெள்ளியின் புழக்கத்தைப் பின்தொடர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் நம்மிடம் இல்லை.

மதிப்பீடு

நான்கு விடைகளில் எதுவும் தனித்து நிற்கவில்லை. வணிக அளவுகோலாகக் காசுகளை எண்ணும் முறை இன்று பெரிதும் தளர்ந்துவிட்டது. உலோகம் என்ற விடை வெள்ளியின் தேவையைச் சரியாகச் சொல்கிறது. அச்சுத் தேர்வைச் சொல்லத் தவறுகிறது. பணம் என்ற விடை பெருந்தொகைப் பரிமாற்றத்துக்குப் பொருந்துகிறது. அன்றாடச் சந்தைக்குப் பொருந்தவில்லை. கிடைத்த சான்றுகளோடு மிகவும் இசைவது, உருவத்தை மாற்றுக்கும் எடைக்கும் உத்தரவாதமாகக் கொண்டு ஏற்ற வெள்ளி என்ற நடுநிலை. குறைந்த வகைகள், நீரோவுக்குப் பிந்தியவை அரிதாதல், உள்ளூர்ப் போலிகள் ஆகிய மூன்றையும் ஒருசேர விளக்க அதனால் மட்டுமே முடிகிறது. அந்த உருவங்களுக்கு இங்குள்ளோர் என்ன பொருள் கொண்டார்கள் என்பது இதனால் தீராது. பொருள் தெரியாமலும் ஒரு படத்தை நம்ப முடியும்.

திறந்தே இருப்பவை மூன்று கேள்விகள். தேர்வு செய்தவர் யார் என்பது முதலாவது. ஒவ்வொரு புதையலிலும் ஒரே வகைக்குள் எத்தனை வெவ்வேறு அச்சுமுத்திரைகளால் அடித்த காசுகள் கலந்துள்ளன என்று காசுக்குக் காசு ஒப்பிட்டால், அவை மூட்டையாக வந்தனவா, பலரிடமிருந்து பொறுக்கப்பட்டனவா என்று ஓரளவு தெரியும். சென்னை அருங்காட்சியகம் போன்ற சேகரிப்புகளில் எஞ்சியிருக்கும் காசுகளே அதற்கு அடிப்படை. இரண்டாவது, சேரர் தலையுருவக் காசுகளின் வெள்ளி எங்கிருந்து வந்தது என்பது. அவற்றிலுள்ள ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்களை டெனாரியஸோடு ஒப்பிட்டால், உருக்கி அச்சிட்டார்கள் என்ற ஊகம் சோதனைக்கு வரும்.

மூன்றாவது கேள்விதான் தஞ்சைக்கு உரியது. கீழ்க்காவிரியில் வெள்ளி வராமல் போயிற்றா, வந்து உருகிற்றா, வண்டலுக்கடியில் இருக்கிறதா என்று இன்றைய சான்றால் பிரித்தறிய இயலாது. ஆழத் துளையிட்டுப் பழைய தரைமட்டங்களையும் ஆற்றுப் போக்குகளையும் கண்டறியாமல் அந்த வெற்றிடத்துக்குப் பொருள் சொல்வது முறையாகாது. புதையல் வரைபடங்களில் சோழநாட்டை வெள்ளி இல்லாத நாடு என்று வாசிக்கும் பழக்கத்தை இனியாவது கைவிட வேண்டும். இப்போதைக்கு அது ஆராயப்படாத நிலம். அப்படிக் குறித்துவைப்பதே நேர்மையான நிலை.